பாஸின் பெஸ்ட் எது?

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் ரசிகர்கள் ஐம்பது ஆண்டுகளாக நடத்தும் வழக்கு

கச்சேரி இரவு ஏழரை மணிக்கு என்றால், முந்தின நாளே மைதான வாசலில் ஆள் சேர்ந்துவிடும். மேடைக்கு நேர் எதிரே நிற்கும் பகுதியில் நாற்காலி கிடையாது. முந்தி வந்தவருக்கே முன்வரிசை. ரசிகர்களே ஒரு நோட்டில் பெயர் எழுதிக்கொள்வார்கள், புறங்கையில் பேனாவால் எண் போட்டுவிடுவார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை வருகைப் பதிவு நடக்கும். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் எண் போச்சு. ஆகவே யாரும் தூரம் போக முடியாது. தூரம் போக முடியாத கூட்டம் என்ன செய்யும்? வாதாடும்.

வாதம் எங்கே தொடங்கினாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஆல்பங்களில் எது உசத்தி? பாட்டுகளில் எது உச்சம்? புதிதாக வந்தவர் ஒருவர் ‘டான்சிங் இன் தி டார்க்’ என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டால், பக்கத்திலிருக்கும் பழைய ரசிகர் முகம் சுளிப்பார். அவர் ‘டார்க்னஸ்’ கட்சி. அவருக்கும் மூத்தவர் ‘நெப்ராஸ்கா’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவர், 1973-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தை ஒழுங்காகக் கேட்டிருக்கிறீர்களா என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

2025-ம் ஆண்டு இந்த வழக்கில் கட்டுக்கட்டாகப் புதிய கோப்புகளைச் சேர்த்துவிட்டது. ஜூனில் ‘டிராக்ஸ் 2: தி லாஸ்ட் ஆல்பம்ஸ்’ என்ற பெயரில், வெளிவராமல் கிடந்த ஏழு முழு ஆல்பங்களை, 83 பாடல்களை, ஒரே பெட்டியில் வெளியிட்டார் ஸ்பிரிங்ஸ்டீன். அக்டோபரில் ‘நெப்ராஸ்கா’ உருவான கதையைச் சொல்லும் ‘டெலிவர் மீ ஃப்ரம் நோவேர்’ திரைப்படம் வந்தது. ஜெரிமி ஆலன் வைட் ஸ்பிரிங்ஸ்டீனாக நடித்தார். அதே மாதம், இருக்கிறதா இல்லையா என்று ரசிகர்கள் பல்லாண்டுகளாக அடித்துக்கொண்ட ‘எலக்ட்ரிக் நெப்ராஸ்கா’ ஒலிப்பதிவும் வெளியானது. முடிந்துபோன கணக்கு என்று மூடிவைத்த பட்டியல்களை எல்லோரும் திரும்பவும் பிரிக்க வேண்டியதாயிற்று.

இந்த வழக்கு ஏன் தீருவதே இல்லை? ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டு எழுதுவதில் தாராளம், வெளியிடுவதில் மகா கஞ்சம். எழுபது பாட்டு எழுதி பத்தை எடுத்துக்கொண்டு மீதியை அலமாரியில் பூட்டிவிடுகிற ஆள். அந்தப் பத்தை ஏன் எடுத்தார், இந்த அறுபதை ஏன் விட்டார் என்பதுதான் அசல் சண்டை.

பஸ் டிரைவரின் மகன்

நம் வாசகர்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும்; தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1949 செப்டம்பர் 23 அன்று பிறந்தவர். ஃப்ரீஹோல்ட் என்ற ஆலை ஊரில் வளர்ந்தார். அப்பா டக்ளஸ் ஆலைத் தொழிலாளியாகவும் பஸ் டிரைவராகவும் வேலை வேலையாக மாறியவர். அம்மா அடேல் வழக்கறிஞர் அலுவலகச் செயலாளர். அப்பாவோடு பேச்சுவார்த்தையில்லாத வீடு, அந்த வீட்டைவிட்டு எப்படியாவது தப்பிக்கத் துடிக்கும் பையன், தப்பித்த பிறகும் அதே வீட்டு வாசலுக்குத் திரும்பி வரும் மனம்: அவருடைய முக்கால்வாசிப் பாடல்களின் ஊற்று இதுதான்.

கொலம்பியா நிறுவனத்தில் அவரைச் சேர்த்தவர், பாப் டிலனைக் கண்டெடுத்த அதே ஜான் ஹேமண்ட். 1973-ல் இரண்டு ஆல்பங்கள் வந்தன. விமர்சகர்கள் பாராட்டினார்கள், கடையில் விற்கவில்லை. 1974-ல் பாஸ்டன் பக்கம் ஒரு கச்சேரியைக் கேட்ட ஜான் லாண்டாவ் என்ற விமர்சகர், ராக் அண்ட் ரோலின் எதிர்காலத்தையே பார்த்துவிட்டேன் என்ற பொருளில் எழுதிய கட்டுரை ஸ்பிரிங்ஸ்டீனின் தலையெழுத்தை மாற்றியது. எழுதியவரே பிறகு அவருக்குத் தயாரிப்பாளராகவும் மேலாளராகவும் ஆனார். ‘ஈ ஸ்ட்ரீட் பேண்ட்’ என்ற குழு, மூன்று மணி நேரத்துக்குக் குறையாத கச்சேரி, ‘தி பாஸ்’ என்ற பட்டப்பெயர் எல்லாம் கூடவே நிலைத்தன. 2012-ல் ஹெல்சிங்கியில் 4 மணி 6 நிமிடம் பாடியது இன்றுவரை அவருடைய மிக நீண்ட கச்சேரி. இந்தியாவிலும் ஒருமுறை பாடியிருக்கிறார்: 1988 செப்டம்பர் 30, டெல்லி ஜவஹர்லால் நேரு மைதானம், ஆம்னெஸ்டி அமைப்பின் மனித உரிமைச் சுற்றுப்பயணம்.

முதல் கட்சி: ‘பார்ன் டு ரன்’

1975-ல் இந்த ஆல்பம் வராவிட்டால் கொலம்பியா அவரைக் கைகழுவியிருக்கும். அந்தப் பயம் ஒவ்வொரு நொடியிலும் கேட்கிறது. தலைப்புப் பாடல் ஒன்றுக்கு மட்டும் ஆறு மாதம் ஆனது. கிடார்மேல் கிடாராக அடுக்கி, பியானோ, மணி, சாக்ஸபோன் எல்லாவற்றையும் ஒரே சுவராக எழுப்பி, அந்தச் சுவரை உடைத்துக்கொண்டு ஓடுவதுபோல் பாடியிருப்பார். ‘ஜங்கிள்லேண்ட்’ பாட்டில் வரும் கிளாரன்ஸ் கிளெமன்ஸின் சாக்ஸபோன் பகுதியை மட்டும் தொடர்ச்சியாகப் 16 மணி நேரம் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு சுரத்தையும் பாஸ் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல வாசித்தார் கிளாரன்ஸ். எல்லாம் முடிந்து கைக்கு வந்த மாதிரித் தட்டை ஹோட்டல் நீச்சல்குளத்தில் எறிந்ததாக ஸ்பிரிங்ஸ்டீனே சொல்லியிருக்கிறார். அவ்வளவு வெறுத்துப்போயிருந்தார்.

வெளியான இரண்டே மாதத்தில், 1975 அக்டோபர் 27 தேதியிட்ட ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ இரண்டு இதழ்களின் அட்டையிலும் அவர்தான்.

இந்தக் கட்சிக்காரர்கள் சொல்லும் வாதம் வலுவானது. எட்டே பாட்டு, ஒன்றுகூட வீண் இல்லை. தட்டின் முதல் பக்கம் ‘தண்டர் ரோட்’ என்ற நம்பிக்கையில் தொடங்கி ‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’ என்ற நட்பின் முறிவில் முடிகிறது. இரண்டாம் பக்கம் ‘பார்ன் டு ரன்’ என்ற ஓட்டத்தில் தொடங்கி, ‘ஜங்கிள்லேண்ட்’ நாயகன் தெருவில் விழுவதில் முடிகிறது. இரண்டு முறை எழுந்து இரண்டு முறை விழும் அமைப்பு. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2020-ல் தயாரித்த எக்காலத்துக்குமான 500 ஆல்பங்களின் பட்டியலிலும், ஸ்பிரிங்ஸ்டீன் ஆல்பங்களில் இதுதான் முதலில் வருகிறது: 21-வது இடம்.

எதிர்க்கட்சியின் பதிலும் உண்டு. எல்லாமே சினிமாத்தனம், நிஜ வாழ்க்கையில் யாரும் இப்படி விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடுவதில்லை என்பார்கள். ஓடியவன் அடுத்த திங்கட்கிழமை என்ன செய்தான் என்பது அவர்கள் கேள்வி. அதற்கான விடை அடுத்த ஆல்பத்தில் இருக்கிறது.

இரண்டாம் கட்சி: ‘டார்க்னஸ்’

புகழ் வந்த கையோடு வழக்கும் வந்தது. பழைய மேலாளர் மைக் அப்பெல்லுடன் ஒப்பந்தத் தகராறு. லாண்டாவோடு சேர்ந்து பதிவு செய்யக்கூடாது என்று நீதிமன்றத் தடை. 1976-ல் தொடங்கியது 1977 மே மாதம் சமரசத்தில் முடிந்தது. நாட்டின் அட்டைப்படங்களில் இருந்த இளைஞன் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஸ்டுடியோ வாசலை மிதிக்க முடியாமல் ஊர் ஊராகப் பாடிப் பிழைத்தான்.

தடை நீங்கியதும் பாட்டுகள் கொட்டின. எழுபதுக்கு மேல் எழுதினார் என்று கணக்கு. 1978 ஜூனில் வெளிவந்த ‘டார்க்னஸ் ஆன் தி எட்ஜ் ஆஃப் டவுன்’ ஆல்பத்தில் இருந்தவை பத்து. வெளியே தள்ளப்பட்டவற்றின் தரத்தைப் பாருங்கள்: ‘பிகாஸ் தி நைட்’ பாடகி பாட்டி ஸ்மித்திடம் போய் அவருடைய வாழ்நாள் ஹிட் ஆனது. ‘ஃபயர்’ பாட்டைப் பாடிய பாயிண்டர் சிஸ்டர்ஸ் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனார்கள். கையில் இரண்டு ஹிட்டை வைத்துக்கொண்டு, இந்த ஆல்பத்தின் மனநிலைக்கு ஒத்துவராது என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். அவர் வைத்துக்கொண்டவை அப்பாவின் ஆலை வாழ்க்கையைப் பற்றிய ‘ஃபேக்டரி’, அப்பா மகன் பகையைப் பற்றிய ‘ஆடம் ரெய்ஸ்ட் எ கெய்ன்’, ஓடிப்போகாமல் ஊரிலேயே நின்று மல்லுக்கட்டும் ‘பேட்லேண்ட்ஸ்’ போன்றவை. அலங்காரம் இல்லை, சாக்ஸபோன் குறைவு. பாடுபவனுக்கு 28 வயது, குரலுக்கு நாற்பது.

இந்த ஆல்பத்தின் பலவீனத்தை இதன் ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள்: ஒலி வறண்டு கிடக்கிறது. டிரம் சத்தம் சரியாக வரவேண்டும் என்று நாள்கணக்கில் மெனக்கெட்டதை ‘தி ப்ராமிஸ்’ ஆவணப்படத்தில் குழுவினரே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். உடனே இன்னொரு கோஷ்டி குறுக்கே வரும். ஆல்பத்தை விடுங்கள், 1978 சுற்றுப்பயணத்தைக் கேளுங்கள் என்று. அந்த ஆண்டு பல கச்சேரிகள் வானொலியில் நேரலையாகப் போயின. கேசட்டில் பதிவு செய்தவர்கள் கை மாற்றிக் கை மாற்றி உலகமெங்கும் பரப்பினார்கள். தட்டில் சாதாரணமாக ஒலிக்கும் ‘ப்ரூவ் இட் ஆல் நைட்’, மேடையில் நீண்ட பியானோ, கிடார் முன்னுரையோடு வேறு பாட்டாகவே மாறியிருக்கும். ‘78 ப்ரூவ் இட்’ என்றாலே அந்தக் கோஷ்டிக்குப் புரியும்.

மூன்றாம் கட்சி: படுக்கையறையில் ஒரு கேசட்

1982 ஜனவரி. நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் ஒரு வாடகை வீடு. அதற்கு முந்தைய ஆல்பம் ‘தி ரிவர்’ அவருக்கு முதன்முதலாக முதலிடத்தைத் தந்திருந்தது. ஸ்டுடியோவில் பாட்டு எழுதிப் பணத்தைக் கரைப்பதைவிட, வீட்டிலேயே மாதிரிப் பதிவு செய்துகொண்டு போகலாம் என்று கிடார் உதவியாளரைக் கூப்பிட்டுச் சாதனம் வாங்கிவரச் சொன்னார். வந்தது டாஸ்காம் நிறுவனத்தின் நான்கு தட நடமாடும் கேசட் ரெக்கார்டர். ஷூர் மைக்குகள். கிடார், மவுத் ஆர்கன், குரல். எக்கோ இயந்திரத்தின் வழியாக ஒலியைச் செலுத்தி, சாதாரண பானாசோனிக் டேப் ரெக்கார்டரில் கலந்து முடித்தார். பெரும்பகுதி ஜனவரி 3-ம் தேதியே பதிவாகிவிட்டது.

அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் அலைந்தார். பிறகு ஈ ஸ்ட்ரீட் பேண்டைக் கூப்பிட்டு அதே பாட்டுகளை ஸ்டுடியோவில் வாசிக்கச் சொன்னார். சில பாட்டுகள் உயிர்பெற்றன. பல பாட்டுகள் செத்துப்போயின. கொலைகாரனின் குரலில் வரும் ‘நெப்ராஸ்கா’ என்ற தலைப்புப் பாட்டு, தம்பியைத் தப்பவிடும் போலீஸ்காரன் கதையான ‘ஹைவே பேட்ரோல்மேன்’, வேலை போனவன் துப்பாக்கி எடுக்கும் ‘ஜானி 99’ எல்லாவற்றுக்கும் அந்தத் தனியறையின் காற்றுதான் தேவைப்பட்டது. கடைசியில் பாக்கெட்டிலிருந்த கேசட்டையே ஆல்பமாக வெளியிடலாம் என்று முடிவானது. அந்த மெல்லிய ஒலியைத் தட்டில் செதுக்குவதற்குள் பொறியாளர்கள் படாத பாடு பட்டார்கள். சுற்றுப்பயணமும் கிடையாது.

இந்தக் கட்சியில் மற்ற இசைக்கலைஞர்களும் எழுத்தாளர்களும் அதிகம். வீட்டில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு தனியாகப் பதிவு செய்யும் பலருக்கும் இதுதான் முன்னோடி. இந்த ஆல்பத்தை ஒட்டித்தான் அவருக்கு மனச்சோர்வு முற்றியது, சிகிச்சைக்குப் போனார் என்பதை 2016-ல் எழுதிய சுயசரிதையில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அது தெரிந்த பிறகு கேட்பவர்களுக்கு ஆல்பம் இன்னும் கனக்கிறது.

குழுவோடு பதிவு செய்த வடிவம், அதாவது ‘எலக்ட்ரிக் நெப்ராஸ்கா’, எங்கே என்ற கேள்வி அன்றிலிருந்து ரசிகர்களைத் துரத்தியது. டிரம்மர் மேக்ஸ் வைன்பர்க் அது இருக்கிறது என்றார். ஸ்பிரிங்ஸ்டீனோ, 2025-ல்கூட ‘ரோலிங் ஸ்டோன்’ பேட்டியில் அப்படி எதுவும் கிடையாது என்றுவிட்டு, பிறகு அலமாரியைத் தேடிப் பார்த்ததில் கிடைத்துவிட்டது என்று நிருபருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். வெளிவந்ததும் பலர் கேட்டுவிட்டுச் சொன்ன தீர்ப்பு: நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்று எடுத்த முடிவுதான் சரி.

நான்காம் கட்சி: ஊரே கேட்ட ஆல்பம்

ஒதுக்கிவைத்த பாட்டு என்ன செய்யும் என்பதற்கு அந்தக் கேசட்டிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. அதில் கிடாரோடு மட்டும் முனகலாகப் பாடப்பட்டு, ‘நெப்ராஸ்கா’வில் இடம்பெறாமல் போன பாட்டு ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவனுக்கு ஊரில் வேலை இல்லை, ஆதரவு இல்லை. அந்தப் பாட்டைக் குழுவோடு, சின்தசைஸரும் டிரம்மும் இடியாக இடிக்கப் பதிவு செய்ததும் அது தேசியக் கொண்டாட்டம்போல் ஒலித்தது. 1984 ஜூனில் வந்த ஆல்பத்திலிருந்து ஏழு பாடல்கள் அமெரிக்காவின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. உலகெங்கும் சுமார் 3 கோடி பிரதிகள் விற்றதாகக் கணக்கு.

அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று நியூ ஜெர்சியில் தேர்தல் கூட்டத்தில் பேசிய அதிபர் ரீகன், ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்கள் தரும் நம்பிக்கையைப் புகழ்ந்தார். சில நாள் கழித்து பிட்ஸ்பர்க் மேடையில் ஸ்பிரிங்ஸ்டீன், அதிபருக்குப் பிடித்த ஆல்பம் எதுவாக இருக்கும் என்று தான் யோசித்துப் பார்த்ததாகவும், ‘நெப்ராஸ்கா’வாக இருக்காது என்று நினைப்பதாகவும் சொல்லிவிட்டு ‘ஜானி 99’ பாடினார். எது பெஸ்ட் என்ற கேள்வியில் ஒரு நாட்டின் அதிபரையே இழுத்துவிட்ட சம்பவம் இது.

இந்த ஆல்பத்தை ஒதுக்குவது பழைய ரசிகர்களிடம் ஒரு மோஸ்தர். எண்பதுகளின் சின்தசைஸர் ஒலி, வானொலியில் தேய்ந்துபோன ஹிட்டுகள் என்பது அவர்கள் புகார். ஸ்பிரிங்ஸ்டீனே தலைப்புப் பாட்டும் ‘மை ஹோம்டவுன்’ பாட்டும்தான் தாங்கிப் பிடிக்கின்றன, நடுவில் இருப்பவை கதம்பம் என்ற ரீதியில் எழுதியிருக்கிறார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘டான்சிங் இன் தி டார்க்’ லாண்டாவின் நச்சரிப்பால் வந்தது. ஹிட் பாட்டு ஒன்று வேண்டும் என்று அவர் கேட்க, எழுபது பாட்டு எழுதியாயிற்று, இன்னொன்றா என்று கோபப்பட்டு, அதே கோபத்தில் ஒரே இரவில் எழுதியது. தன்மேலேயே சலிப்படைந்தவன் பாடும் பாட்டுக்கு உலகமே ஆடியது. பட்டியலில் இரண்டாம் இடம். பாடகராக அவர் தனியாகப் பாடல் பட்டியலின் முதலிடத்தைத் தொட்டதே இல்லை. அவர் எழுதிய ‘பிளைண்டட் பை தி லைட்’ மட்டும், மான்ஃப்ரெட் மான்ஸ் எர்த் பேண்ட் பாடி 1977-ல் முதலிடம் பிடித்தது.

சிறு கட்சிகள்

இந்த நான்கு கட்சிகளுக்கு வெளியிலும் ஆதரவாளர்கள் உண்டு. ஜாஸ் சாயலோடு நீண்டு நீண்டு போகும் 1973-ன் இரண்டாவது ஆல்பத்துக்கு, ‘ரோசலிட்டா’ என்ற ஒரு பாட்டே போதும் என்பவர்கள் ஒரு பக்கம். கல்யாண வாழ்வின் சந்தேகங்களைப் பாடிய ‘டனல் ஆஃப் லவ்’ நடுவயதில்தான் புரியும் என்பவர்கள் இன்னொரு பக்கம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அடுத்த ஆண்டு ஜூலையில் வந்த ‘தி ரைசிங்’ ஆல்பத்தைத் தொட்டால் சிலருக்குக் கண் கலங்கிவிடும்.

எல்லாக் கட்சிகளும் ஒன்றுசேர்ந்து திட்டுவது 1992-ல் ஒரே நாளில் வெளியான ‘ஹ்யூமன் டச்’, ‘லக்கி டவுன்’ இரண்டையும்தான். ஈ ஸ்ட்ரீட் பேண்டைக் கலைத்துவிட்டு வேறு ஆட்களோடு செய்தவை. இரண்டிலும் தேறியதைச் சேர்த்தால் ஒரு நல்ல ஆல்பம் தேறும் என்பது ரசிகர்களின் பழைய கணக்கு. எப்போதும் வடிகட்டும் மனிதர் ஒருமுறை வடிகட்டாமல் விட்டதன் விளைவு என்று எனக்குப் படுகிறது.

பாட்டு எது?

ஆல்பச் சண்டையில் நாலைந்து கட்சி என்றால், பாட்டுச் சண்டையில் ஆளுக்கொரு கட்சி. பெரும்பாலும் கடைசிச் சுற்றுக்கு வருபவை ‘தண்டர் ரோட்’, ‘பார்ன் டு ரன்’, ‘ஜங்கிள்லேண்ட்’, ‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’, ‘ரேசிங் இன் தி ஸ்ட்ரீட்’.

சண்டை எவ்வளவு நுணுக்கமாகப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். ‘தண்டர் ரோட்’ பாட்டின் முதல் வரியில் நாயகியின் ஆடை அசைவதற்கு அவர் பயன்படுத்திய வினைச்சொல் எது என்று 2021-ல் ஒரு விவாதம் கிளம்பியது. 1975 தட்டின் உறையில் ‘வேவ்ஸ்’ என்று அச்சாகியிருந்தது. காதில் ‘ஸ்வேஸ்’ என்றும் விழுகிறது. அமெரிக்காவின் பெரிய பத்திரிகைகளே களத்தில் இறங்கின. கடைசியில் லாண்டாவ், ‘நியூ யார்க்கர்’ இதழுக்கு ‘ஸ்வேஸ்’தான் என்று சாட்சி சொல்லி வழக்கை முடித்தார்.

‘ரேசிங் இன் தி ஸ்ட்ரீட்’ பாட்டுக்கு வேறு வகை வழக்கு. அதன் நாயகன் தன் 1969 ஷெவி காரில் 396 என்ஜினையும் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் ஹெட்டையும் பொருத்தியிருப்பதாகப் பெருமை பேசுகிறான். அந்த ஹெட் சின்ன பிளாக் என்ஜினுக்கு உரியது, 396 பெரிய பிளாக். இரண்டும் பொருந்தவே பொருந்தாது என்று மெக்கானிக் ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். வாலிபத்தில் தனக்குக் கார் ஓட்டவே சரியாகத் தெரியாது என்று ஸ்பிரிங்ஸ்டீன் பிராட்வே மேடையில் சொல்லிச் சிரிக்கவைத்தார். என்ஜின் பிழையாக இருக்கலாம். பாட்டு பிழையில்லை. பகலெல்லாம் வேலை, இரவில் பந்தயம் என்று துள்ளலாகத் தொடங்கவேண்டிய கதையை ராய் பிட்டனின் பியானோ ஆரம்பத்திலேயே துக்கமாக்கிவிடுகிறது. கடைசிச் சரணத்தில்தான் கூட இருக்கும் பெண் தெரிகிறாள்: வயதுக்கு மீறி முகத்தில் கோடு விழுந்தவள், தன் கனவுகள் கிழிந்துபோனவள். அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு, பல்லவியைக் கடைசியாக ஒருமுறை பாடி அவன் நிறுத்திக்கொள்கிறான். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. பியானோவும் டேனி ஃபெடரிசியின் ஆர்கனும் மட்டும் போய்க்கொண்டே இருக்கின்றன.

‘ஜங்கிள்லேண்ட்’ பாட்டுக்கோ கிளாரன்ஸ் கிளெமன்ஸின் மரணமே சோதனையாக வந்தது. 2011 ஜூனில் அவர் இறந்தபிறகு இந்தப் பாட்டை இனி பாடலாமா, அந்தப் பகுதியை இன்னொருவர் வாசிக்கலாமா என்று ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 2012-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் கிளாரன்ஸின் சகோதரர் மகன் ஜேக் கிளெமன்ஸ் எழுந்து நின்று வாசித்ததும் அந்த வழக்கு முடிந்தது.

அட்டையைத் தூக்கினால் பாட்டு

ரசிகர்களின் தீர்ப்பை மேடையிலேயே கேட்டு வாங்கும் பழக்கமும் அவருக்கு உண்டு. 2000-களின் பிற்பகுதியில் இது சூடு பிடித்தது. கூட்டம் தங்களுக்கு வேண்டிய பாட்டை அட்டையில் எழுதித் தூக்கிப் பிடிக்கும். அவர் இறங்கி வந்து அட்டைகளைப் பொறுக்கி, புரட்டிப் பார்த்து, ஒன்றைக் குழுவிடம் காட்டுவார். பல ஆண்டுகள் தொடாத பாட்டாக இருந்தாலும், சுதி பிடித்து அங்கேயே பாடிவிடுவார்கள். 2009-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ‘பார்ன் டு ரன்’, ‘டார்க்னஸ்’ போன்ற ஆல்பங்களை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசையாக மேடையில் பாடினார். எந்த ஆல்பம் முழுசாக நிற்கிறது, எது நடுவில் தொய்கிறது என்று பரீட்சை வைத்துப் பார்க்க ரசிகர்களுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது.

ஆனால் ரசிகர்களின் அன்புக்கும் ஓர் எல்லை உண்டு. 2022-ல் கிராக்கிக்கு ஏற்ப விலை ஏறும் முறையில் சில டிக்கெட்டுகள் 5,000 டாலர் வரை போயின. தொழிலாளியைப் பாடியவர் கச்சேரிக்குத் தொழிலாளி வரமுடியாதா என்று கொதித்தார்கள். அவரோ சந்தை விலை அதுதான் என்ற தொனியில் பதில் சொன்னார். 1980 முதல் ரசிகர்களுக்கென்றே நடந்துவந்த ‘பேக்ஸ்ட்ரீட்ஸ்’ பத்திரிகை, மனம் விட்டுப்போய் 2023 பிப்ரவரியில் கடையை மூடியது. எது சிறந்த ஆல்பம் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாதிட்டவர்கள், இதில் மட்டும் வாதிடாமல் எழுந்து போய்விட்டார்கள்.

என் தீர்ப்பு

இவ்வளவு சொல்லிவிட்டு நழுவுவது நியாயமில்லை. என் ஓட்டு ‘டார்க்னஸ் ஆன் தி எட்ஜ் ஆஃப் டவுன்’ ஆல்பத்துக்கு. ‘பார்ன் டு ரன்’ அதைவிட அழகு; ‘நெப்ராஸ்கா’ அதைவிடத் துணிச்சல்; ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ அதைவிடப் பெரிய கூட்டத்தைத் தொட்டது. ஆனால் ஒரு கலைஞன் எதை வேண்டாம் என்று சொல்கிறான் என்பதில் அவன் தரம் தெரியும் என்றால், கையிலிருந்த இரண்டு ஹிட்டை உதறிவிட்டு அப்பாவின் ஆலையைப் பாடிய 1978-ன் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு நிகரான இன்னொருவர் அவருடைய 21 ஸ்டுடியோ ஆல்பங்களில் இல்லை. ஓடிப்போனவன் திங்கட்கிழமை என்ன செய்தான் என்ற கேள்வியை அவர் முதலில் கேட்டது இங்கேதான். ‘நெப்ராஸ்கா’வின் ஆட்கள் எல்லோரும் இந்த ஊர் எல்லையிலிருந்து கிளம்பியவர்கள்தான். பாட்டு? ‘ரேசிங் இன் தி ஸ்ட்ரீட்’. மெக்கானிக்குகள் மன்னிக்கட்டும்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஹிட் தொகுப்பில் தொடங்காதீர்கள். அவர் பாட்டுகளைக் கோத்த வரிசையே பாதிக் கதை. ‘பார்ன் டு ரன்’, ‘டார்க்னஸ்’, ‘நெப்ராஸ்கா’ மூன்றையும் வந்த வரிசையில், ஒரு பாட்டையும் தாண்டாமல் கேளுங்கள். மூன்றும் சேர்ந்து மொத்தம் இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிறகு என் தீர்ப்பைத் தாராளமாக மாற்றி எழுதுங்கள்.